நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு வலி குறைய எந்த நரம்பு ஊசி நல்லது?

நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்கப் போகும் அப்பாவுக்கு எபிடியூரலா, பாராவெர்டிபிரல் பிளாக்கா (பிளாக் என்றால் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி) என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆபரேஷன் எந்த வகை என்று கேளுங்கள். விலா எலும்புகளை விரித்துத் திறப்பதற்கும், கேமரா வழியாகச் செய்வதற்கும் வலி ஒரே அளவு இருக்காது.

எபிடியூரலில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவார்கள். வலி நன்றாகவே அடங்கும். ஆனால் மரத்துப்போவது இரண்டு பக்கமும். ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

பாராவெர்டிபிரலில் முதுகெலும்பை ஒட்டி, ஆபரேஷன் செய்த பக்கத்து நரம்புகளுக்கு மட்டும் மருந்து போகும். வலி நிவாரணம் ஏறக்குறைய எபிடியூரலுக்குச் சமம், அந்தத் தொல்லைகள் குறைவு. என் ஓட்டு இதற்குத்தான்.

2016இல் வந்த எரெக்டர் ஸ்பைனே பிளாக்கில் ஊசி முதுகுத் தசைக்கு அடியிலேயே நின்றுவிடும். போடுவது சுலபம். கேமரா ஆபரேஷனுக்கு இதுவும் நல்ல தேர்வு. பலன் மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். மார்பின் பக்கவாட்டில் விலா எலும்புகள் மேலுள்ள தசையை ஒட்டிப் போடும் செரேட்டஸ் பிளாக் அதற்கு அடுத்த இடம்தான்.

அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எபிடியூரல் போட்ட இடத்தில் ரத்தம் கட்டினால் தண்டுவடத்தையே அழுத்திவிடும்.

அப்புறம், ஒரே ஊசியின் பலன் சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும். மருந்தைத் தொடர்ந்து செலுத்தக் குழாய் வைப்பார்களா என்றும் கேளுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம்.