மாப்பிள்ளை ராணுவத்தில் நீடிப்பாரா?

கேள்வி: என் மகள் கடலூரில் வங்கியில் பணிபுரிகிறாள். அவளுக்கு வந்திருக்கும் வரன், சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்துச் சென்ற ஆண்டு லெப்டினன்ட் ஆனவர். ராணுவத்திலேயே நீடிப்பாரா என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? – ஒரு தந்தை, மஞ்சக்குப்பம்.

பதில்: ஜாதகக் கட்டத்தில் தேடாமல் என்னிடம் கேட்டதற்கு நன்றி. முதலில் அவருடைய நியமனம் எந்த வகை என்று விசாரியுங்கள். பரங்கிமலை என்றால் பெரும்பாலும் ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறுகிய காலப் பணி நியமனம்: 10 ஆண்டுகள், பிறகு 4 ஆண்டுகள் நீட்டிப்பு. நிரந்தரப் பணி வேண்டும் என்று அவர் விண்ணப்பிக்கலாம். தருவது தேர்வுக் குழு. அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கோ 20 ஆண்டுகள் வேண்டும். 24 வயதில் சேர்ந்தவர் 38 வயதில் ஓய்வூதியம் இல்லாமல் வீடு திரும்பக்கூடும். ஆக, உங்கள் கேள்வியில் பாதி அவர் கையிலேயே இல்லை.

மறுபாதி மனம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 'ஏன் வந்தீர்கள்' என்று கேட்டுவைத்து, பல ஆண்டுகள் கவனித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல அதிகாரியாக வேண்டும் என்ற உள்ளார்ந்த ஆசையோடு வந்தவர்கள், கட்டாயப் பணியான 5 ஆண்டுகள் முடிந்த பிறகும் அதிகம் தங்கினார்கள். அதே ஆசையோடு 'பின்னால் நல்ல வேலை கிடைக்கும்' என்ற கணக்கும் பலமாகச் சேர்ந்திருந்தவர்களோ அவ்வளவு தங்கவில்லை. இரண்டு காரணம் இருந்தால் இரட்டிப்புப் பலம் என்றுதானே நினைப்போம்? அங்கே பாலில் தண்ணீர் சேர்ந்த கதையாகிவிட்டது. ஆனாலும் இது கூட்டத்துக்கான கணக்கு. தனி ஆளுக்கு ஆரூடம் சொல்லாது.

பையனிடம் நாட்டுப்பற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். யார்தான் இல்லை என்பார்? அடுத்த விடுப்பில் வரும்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலாற நடந்தபடி, "விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எப்படிப் போகும், தம்பி?" என்று கேளுங்கள். விடுப்பு கிடைக்காத ஜவானின் வீட்டுப் பிரச்சினை, கிளம்ப மறுக்கும் வண்டி, முடியாத பதிவேடு என்று அலுத்துக்கொண்டே அக்கறையாகப் பேசினால் எனக்கு நம்பிக்கை வரும். சீருடையின் மிடுக்கிலேயே பேச்சு நின்றுவிட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

இன்னொன்று. மனைவியின் மனநிலைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். குடும்பத்தை அழைத்துச் செல்லவே முடியாத எல்லைப் பணியும் வரும். உங்கள் மகள் வங்கி வேலையை விட்டுப் பதான்கோட்டுக்குப் போவாரா, இங்கேயே காத்திருப்பாரா? அவர் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.