பதில்: பழைய ரான்ச் வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

1962-ல் கட்டிய ரான்ச் வீடு (அமெரிக்காவில் பரவலான ஒற்றைத்தள வீடு), எட்டடிக் கூரை, ஹால் இருட்டு, பாப்கார்ன் சீலிங்கை (பாப்கார்ன் ஒட்டியதுபோல் சொரசொரவென்று பூசிய உட்கூரையை) இந்த வார இறுதியில் நீங்களே சுரண்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கரண்டியைக் கீழே வையுங்கள். அந்தக் காலத்துப் பாப்கார்ன் பூச்சில், தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. லேபில் சோதித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடைசெய்த 1978-க்கு முந்தைய வீடென்பதால் பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம். குழந்தை தவழ்கிறது என்கிறீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.

அதற்குள் ஒரு வேலை. படுக்கையறை அலமாரிக்குள் மூலையில் கார்ப்பெட்டைக் குறடால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படித் தூக்கியபோது, சிதைந்த ஸ்பான்ஜ் தூளுக்கு அடியில் தேன் நிறத்தில் ஓக் பலகை! புதுத் தரைக்கு எடுத்து வைத்த பணம் மிச்சம். கான்கிரீட் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

கூரை தாழ்வாகத் தெரியாமலிருக்க, திரைக்கம்பியை ஜன்னலுக்கு மேலேயே மாட்டாமல் கூரையை ஒட்டி மாட்டுங்கள். திரை தரையைத் தொடட்டும். சோபாவும் உயரம் குறைந்ததாக இருக்கட்டும். தொங்கும் விளக்கு வேண்டாம், தலையில் இடிக்கும். மூலைக்கொரு நிற்கும் விளக்கு, இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு போதும்.

செங்கல் கணப்படுப்புக்கு வெள்ளை அடிக்கலாமா என்று கேட்டீர்கள். ஒரு வருடம் பொறுங்கள். செங்கலில் ஏறிய பெயின்டை எடுப்பது பெரும்பாடு.