அமெரிக்காவில் வெளிச்சுவரைப் போர்த்தியிருக்கும் வைனில் (பிளாஸ்டிக்) பலகையை எடுத்துவிட்டுச் செங்கல் பதித்தால், வீட்டு மதிப்பீட்டில் தரநிலை உயருமா?

பெரும்பாலும் உயராது. வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களுக்கான மதிப்பீட்டு அறிக்கையில் 2011 முதல் கட்டுமானத் தரத்தை கியூ1 தொடங்கி கியூ6 வரை குறிக்கிறார்கள், கியூ1தான் உச்சம். அந்த வரையறைகளில் செங்கல் இருந்தால் இந்த நிலை, வைனில் இருந்தால் அந்த நிலை என்ற பேச்சே இல்லை. வடிவமைப்பு, பொருள்களின் தரம், வேலைப்பாடு, வெளிப்புற அலங்காரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

புறநகர் வீடுகள் பலவற்றில் தெருவைப் பார்த்த முகப்புக்கு மட்டும் செங்கல் ஒட்டி, மீதி மூன்று பக்கத்தையும் வைனிலில் முடித்திருப்பார்கள். விற்பனைப் படங்களில் அந்த மூன்று பக்கங்களும் தலைகாட்டுவதே இல்லை! மதிப்பீட்டாளர் பின்பக்கமும் போய்ப் பார்ப்பார். ஜன்னலைச் சுற்றிய சட்டம், கூரை விளிம்பு, மூலைகளில் பலகை சேரும் விதம் எல்லாம் கண்ணில் படும். உள்ளே வழக்கமான அறை அமைப்பும் சாதாரண அலமாரிகளும் என்றால், முழுக்கச் செங்கல் பதித்த வீடும் கியூ4ஆகவே நிற்கலாம்.

உரிந்த சாயம், விரிசல் விட்ட ஸ்டக்கோ (வெளிச்சுவர்ப் பூச்சு) ஆகியவை வேறு கணக்கு. அவை அதே அறிக்கையில் பராமரிப்பைக் காட்டும் சி1–சி6 வரிசையைப் பாதிக்கும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

விலை தனிக் கதை. உங்கள் பகுதியில் வாங்குவோர் செங்கலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால், தரநிலை மாறாமலேயே ஒப்பீட்டு விற்பனைகளில், அதாவது அதேபோன்ற வீடுகள் விற்ற விலையில், அது தெரியும்.