ஐஸ்ல வச்ச மீன்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்தபின் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். போன சனிக்கிழமை அலுவலக நண்பர்கள் ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனார்கள். உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டில் இறக்கி, ஆறு மணி நேரம். இயற்கையின் மடியில் ஒரு நாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று கட்த்ரோட் ட்ரவுட் கிடைத்தன. ஆனால் 17 அங்குலம், 19 அங்குலம் இருந்த இரண்டையும் திரும்ப விடச் சொல்லிவிட்டார்கள். விதியாம். சின்னதை எடுத்துப் போகலாம், நல்ல மீனை விட்டுவிட வேண்டும் என்பது என்ன நியாயம்? தின்பதற்குப் பிடித்தால் புரிகிறது. பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது என்றால் ஓர் உயிரை வைத்து விளையாடுவதுதானே? அங்கே இருந்தவர் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்? அடுத்த முறை என் ஆறு வயது மகளைக் கூட்டிப்போகலாமா? துளை போடும் ஆகர் ஒன்று வாங்க நினைக்கிறேன், எது நல்லது? 19 அங்குல மீனின் படத்தை இணைத்திருக்கிறேன். படம் எடுத்ததும் உயிரோடு விட்டுவிட்டோம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அப்பாவின் திதி. அவருக்கு நான் அனுப்பிய படங்களை எல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். அதில் ஒன்று ஸ்ட்ராபெரியில் எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் படமும் வந்து சேர்ந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆகர் வாங்காதீர்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க நண்பருடையதை இரவல் வாங்குங்கள், அதன்பின்னும் ஆசை இருந்தால் பார்க்கலாம். மகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். தெளிவான ஐஸ் 4 அங்குலமாவது இருந்தால் நடக்கலாம். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல், போகப் போக நீங்களே துளைத்துப் பாருங்கள். புதுப்பனி கனமாக விழுந்த பிறகு அந்தப் பாரத்தில் ஐஸ் அமுங்கி, மேலே தண்ணீர் ஏறிச் சேறு மாதிரி நிற்கும். பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. குழந்தையின் பூட்ஸ் நனைந்தால் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது, உடனே வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு வைத்தால் காற்று போக வழி விடுங்கள்.

அப்புறம் இந்த "இயற்கையின் மடி". நீங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு அணையின் மடியில். நூறு வருடத்துக்கும் முன்பு அங்கே இருந்தது ஒரு மலைப் பள்ளத்தாக்கு. யூட் என்ற பூர்வகுடி மக்களுக்கு என்று ஒதுக்கிய நிலத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அணை கட்டி, மலையைக் குடைந்து, கொலராடோ ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீரை மறுபக்கம் வயல்களுக்குத் திருப்பினார்கள். 1970களில் சோல்ஜர் க்ரீக்கில் இன்னொரு பெரிய அணை வந்தது, ஏரி பல மடங்கு பெருத்தது. 7,600 அடி உயரத்தில் அந்த வெள்ளை வெளியைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனாலும் அது மனிதன் உண்டாக்கிய நீர். உண்டாக்கியவன்தான் அதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். உங்கள் "என்ன நியாயம்" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மீன்பிடி லைசென்ஸ் வாங்கியபோது விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தீர்களா, இல்லை நண்பர் சொன்னதோடு சரியா?

அந்த ஏரிக்கு அந்நியமான இரண்டு மீன்கள் உள்ளே வந்துவிட்டன. யூட்டா சப், யூட்டா சக்கர். இரண்டும் பெருகிப் பெருகி, ட்ரவுட் குஞ்சுக்கு வேண்டிய தீனியை எல்லாம் தின்று தீர்த்தன. 1961இல் ஏரிக்கே மருந்து போட்டு அழித்துப் பார்த்தார்கள். திரும்பவும் வந்துவிட்டன. 1990இல் மறுபடி. ரோட்டினோன் என்று ஒரு வேர் நஞ்சு, செவுள் வழியாக உள்ளே போய் மீனை மூச்சுமுட்ட வைப்பது. அதை அவ்வளவு பெரிய ஏரி முழுவதும் கலந்தார்கள். அதுவரை உலகில் எங்கும் அந்த அளவுக்குச் செய்ததில்லை. ஏறத்தாழ எல்லா மீனும் செத்தது. பிறகு, மூன்றாம் முறை நஞ்சு போடக் கூடாது என்ற தீர்மானத்தோடு, பேர் லேக் (Bear Lake) என்ற ஏரியின் வகை கட்த்ரோட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏன் அந்த வகை? அது வளர்ந்ததும் யூட்டா சப் மீனை வேட்டையாடித் தின்னும். சின்ன கட்த்ரோட் பூச்சியும் புழுவும் தின்றுகொண்டிருக்கும். உடம்பு பெருத்த பிறகுதான் மீனைப் பிடித்துத் தின்ன ஆரம்பிக்கும். ஆகவே 15 முதல் 22 அங்குலம் வரை உள்ளதைத் தொடாதே என்பது விதி. நீங்கள் விட்ட 17, 19 இரண்டும் அந்த ஏரியின் காவல்காரர்கள். எடுத்துப்போக வேண்டும் என்றால் ரெயின்போ ட்ரவுட் பிடியுங்கள். நம் நீலகிரி அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து குஞ்சு பொரித்து வளர்ப்பதும் அதே ரெயின்போதான், வறுவலுக்கு நன்றாக இருக்கும்.

சரி. இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன்.

மீன் பனிமேல் பக்கவாட்டில் கிடக்கிறது. உடம்பெல்லாம் பனித்தூள் அப்பியிருக்கிறது, உப்பில் புரட்டி வைத்த கருவாட்டு மீன் மாதிரி. தாடைக்குக் கீழே அந்த ஆரஞ்சுச் சிவப்புக் கீற்று, கழுத்தறுத்தான் என்று அதற்குப் பேர் வரக் காரணமான கீற்று, அதன்மேலும் பனி. பக்கத்தில் அளவு தெரியட்டும் என்று உங்கள் கையுறையை வைத்திருக்கிறீர்கள். அன்று எத்தனை டிகிரி? சூரியன் அவ்வளவு தாழ்வாக இருப்பதைப் பார்த்தால் காலை எட்டு, எட்டரை. மைனஸ் 15க்குக் குறையாமல் இருந்திருக்கும்.

தம்பி, உயிரோடு விட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டபோது உயிர் இருந்திருக்கும்.

மீன் செவுளைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? சந்தையில் எல்லாரும் செய்வதுதான், சிவப்பாக இருக்கிறதா என்று. அந்தச் சிவப்பு இழை ஒவ்வொன்றும் நூலைவிட மெல்லியது, தண்ணீரில் மிதந்தால்தான் விரிந்து நிற்கும். வெளியே எடுத்த கணத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுவே போதாதென்று மைனஸ் 15இல், இழைமேல் ஒட்டியிருக்கும் ஈரம் சில நொடிகளில் உறையத் தொடங்கும். ஏரியின் ஆழத்தில் தண்ணீர் 4 டிகிரி. அங்கிருந்து வந்த உயிருக்கு மேலே இருக்கும் காற்றுதான் கொல்லும் குளிர். நாம் ஜாக்கெட்டுக்குள் இருந்துகொண்டு மீனுக்குக் குளிர் பழக்கம்தானே என்று நினைத்துக்கொள்கிறோம்.

1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ரெயின்போ ட்ரவுட்டைத் தொட்டியில் களைத்துப்போகும்வரை துரத்தினார்கள். தூண்டிலில் மாட்டிய மீன் போராடுகிற மாதிரி. பிறகு சிலவற்றை நீரிலேயே விட்டார்கள், சிலவற்றை 30 நொடி காற்றில் வைத்தார்கள், சிலவற்றை 60 நொடி. நீரிலேயே இருந்தவற்றில் நூற்றுக்கு 12 செத்தன. 30 நொடி வைத்தவற்றில் 38. 60 நொடி வைத்தவற்றில் 72. இது ஆய்வகக் கணக்கு, ஏரியில் கூடலாம் குறையலாம். ஆனால் அந்த ஆய்வகத்தில் காற்று மைனஸ் 15இல் இல்லை, மீனைப் பனியில் புரட்டவும் இல்லை. கொக்கியைக் கழற்றி, போனை எடுத்து, கையுறை வைத்து, நண்பர் ஒன்று, நீங்கள் ஒன்று என்று படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆனது? நினைத்துப் பாருங்கள்.

விதி "விடு" என்று சொன்னதில் கோபப்பட்டீர்கள். "உடனே விடு" என்றும் அதில் இருக்கிறது. அந்த "உடனே"வை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். விட வேண்டிய மீன் என்றால் அது துளையை விட்டு மேலே வரவே கூடாது. நீங்கள்தான் குனிய வேண்டும். முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, கையை நனைத்துக்கொண்டு, துளைத் தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றுங்கள். காய்ந்த கையுறை பட்டால் மீன் தோலின்மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் அதற்குக் கவசம். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டே தூண்டிலை இறக்குங்கள். தொண்டைக்குள் விழுங்கிவிட்டதா, இழுக்காதீர்கள், தூண்டில் நூலை வெட்டிவிடுங்கள். அளக்க வேண்டுமா, தூண்டில் கம்பிலேயே 15க்கு ஒன்று, 22க்கு ஒன்று டேப் சுற்றி வையுங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். கை விறைக்கும். வலிக்கும். வலிக்கட்டும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை, நான் ஒரு மீனைக் கொன்றபிறகு தெரிந்தது. நாங்கள் யூட்டாவில் இருந்த முதல் டிசம்பர் அது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களை ஸ்ட்ராபெரியின் சிக்கன் க்ரீக் பக்கம் கூட்டிப்போனார். ஏரி உறைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பனி விழாத கறுப்பு ஐஸ், கண்ணாடி போல உள்ளே தெரியும். அவ்வப்போது ஏரி முழுக்க ஒரு உறுமல் ஓடும். நான் பயந்து எழுந்து நிற்பேன், அவர் உட்கார் உட்கார் என்று கையசைப்பார். துளையில் படியும் ஐஸ் துணுக்கை அள்ளுவதற்கு வீட்டிலிருந்து ஜல்லிக்கரண்டி கொண்டுபோயிருந்தேன், அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் தூண்டிலில்தான் முதல் மீன். கட்த்ரோட், 18 அங்குலம். ஏரிக்கரையில் தூண்டில் போட்டே வளர்ந்தவர் என் அப்பா. அவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. ஐஸ்மேல் கிடத்தி, கேமராவைப் பையிலிருந்து தேடி எடுத்து, பேட்டரி குளிரில் செத்திருக்க அதை அக்குளில் வைத்துச் சூடாக்கி, நான்கு நிமிடமாவது ஆகியிருக்கும்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, மீனைத் துளைக்குள் இறக்கி வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஒருமுறை வாலை அசைத்து நழுவிப் போனது. நான் கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் என் காலுக்குக் கீழே, ஐஸுக்கு அடிப்பக்கத்தில், வெளிறிய வயிறு வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. துளையிலிருந்து இரண்டு முழம்கூட இருக்காது. பெரியவர் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினார், எட்டவில்லை. நாங்கள் கிளம்பும்போதும் அது அங்கேயே இருந்தது.

உயிரை வைத்து விளையாடலாமா என்று நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலை நான் எழுதவில்லை, தெரிகிறது. கொக்கி குத்தும்போது மீனுக்கு நேர்வதை என்னால் நியாயப்படுத்த முடியாது. மகளைக் கூட்டிப்போகும்போது துளைப் பக்கத்தில் மண்டியிட வையுங்கள், மீன் திரும்பிப் போவதை அவள் பார்க்கட்டும்.

அந்தப் படத்தை அன்று இரவே அப்பாவுக்கு அனுப்பினேன். அக்காள் மகன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டியிருக்கிறான். மறுநாள் போனில், மீன் பெரிசா, எவ்வளவு ஆழம், இரை என்ன என்று எதையும் அவர் கேட்கவில்லை. "கண்ணு வெளுத்துப் போயிருக்கே," என்றார். "ஐஸ்ல வச்ச மீனாம்மா?"