அடிக்க வேண்டாம், கயிறு கொடுங்கள்

கேள்வி: செம்பூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஐந்து மாத லாப்ரடார் குட்டி வளர்க்கிறோம். சாயங்காலம் ஆனால் போதும், என் கையையும் மாமியாரின் முந்தானையையும் கவ்வி இழுக்கிறான். ஏழு வயது மகள் ஓடினால் துரத்திப் போய்க் காலைக் கடிக்கிறான். மாமியார் பேப்பரைச் சுருட்டி அடித்தால், அதையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். மழையில் வெளியேயும் அதிகம் கூட்டிப் போக முடியவில்லை. விளையாட்டாகவே பழக்கலாம் என்கிறார்களே, எப்படி?
– வாசகி, மும்பை

பதில்: மாமியார் அடிப்பதாக நினைக்கிறார். குட்டியோ விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறான். வலிக்கும்படி அடித்தால் இன்னும் மோசம். கையைக் கண்டாலே மிரளும் நாய், உறுமி எச்சரிப்பதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கவும் கூடும். அந்தப் பேப்பர் பழைய பேப்பர் கடைக்கே போகட்டும்.

இந்த வயதில் 28 பால் பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. ஆறு, ஏழு மாத வயதில் முடிந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும். போதாததற்கு லாப்ரடார், வேட்டையில் விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வரவே வளர்த்தெடுத்த இனம். வாயில் எதையாவது வைத்துக்கொள்வதை நிறுத்த முடியாது. எதை வைக்கலாம் என்றுதான் சொல்லிக்கொடுக்க முடியும்.

அதற்கு இழுபறிதான் நல்ல விளையாட்டு. இரண்டு, மூன்றடி நீளமுள்ள தடித்த துணிக்கயிறு ஒன்று வாங்குங்கள். நீளம் முக்கியம், குட்டையாக இருந்தால் பல் கையில்தான் படும். கயிற்றைத் தரையில் நெளியவிட்டு "எடு" என்று சொல்லுங்கள். அவன் கவ்வியதும் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள். மேலே தூக்கக் கூடாது, கழுத்துக்கு ஆகாது. ஆடுகிற பல்லால் கயிற்றில் லேசாக ரத்தம் தெரிந்தால் அன்றைக்கு இழுபறி வேண்டாம்.

பத்து விநாடி இழுத்ததும் கையை அசைக்காமல் நிறுத்தி, "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்லி, அவன் மூக்கருகே ஒரு தீனித் துண்டைக் காட்டுங்கள். வாய் திறக்கும். திறந்த அந்த நொடியே "சபாஷ்" என்று சொல்லித் தீனியைக் கொடுத்துவிட்டு, உடனே "எடு" என்று கயிற்றையும் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பொருள் போய்விடும் என்று கற்ற நாய், அடுத்த முறை செருப்போடு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சொல் பழகியதும் தீனியை முதலிலேயே காட்டாதீர்கள். விட்ட பிறகு எடுத்துக் கொடுங்கள். இல்லையென்றால் தீனியைப் பார்த்தால்தான் விடுவான்.

பல் தோலில் பட்டால் கத்தாமல், கையை உதறாமல், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அரை நிமிடம் அறையை விட்டு வெளியே போங்கள். பிறகு வந்து மறுபடி ஆரம்பியுங்கள். முதல் சில நாள் கடி கூடத்தான் செய்யும். இதுவரை பலித்தது பலிக்காதபோது இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். பலரும் அங்கேதான் மனம் தளர்ந்து பேப்பரைத் தேடுகிறார்கள்.

தீனித் துண்டு பட்டாணி அளவு போதும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, கேரட், கொஞ்சம் பனீர், எதுவானாலும் சரி. இந்தக் கொசுறு அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அந்த அளவுக்கு வேளைத் தீனியைக் குறைத்துவிடுங்கள். பாயசத்துக்கு எடுத்த திராட்சையை மட்டும் பிரியத்தில்கூடக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகம் கெடும். வெங்காயம், சாக்லேட்டும் கூடாது. ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம், நாளைக்கு மூன்று முறை பழக்கினால் போதும். அதற்கு மேல் அவன் கவனம் நிற்காது.

மகளுக்கு 'மரம்' சொல்லிக்கொடுங்கள். குட்டி துரத்தினால் ஓடாமல், கீச்சிடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அசையாத காலைத் துரத்துவதில் அவனுக்கு ருசியில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் விளையாட விடாதீர்கள். பல் பட்டுத் தோல் கிழிந்தால், தடுப்பூசி போட்ட குட்டியாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள்.

சாயங்கால ஆர்ப்பாட்டத்துக்குப் பெரும்பாலும் தூக்கமின்மைதான் காரணம். இந்த வயதுக் குட்டிக்கு 16 முதல் 18 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள ஹாலில் அது கிடைக்காது. மதியம் உள்ளறையில் ஃபேனைப் போட்டு இரண்டு மணி நேரம் தனியாகப் படுக்கவிட்டுப் பாருங்கள்.

மழை விடாத நாளில், ராத்திரித் தீனியில் பாதியைப் பழைய டவலில் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். மோந்து, பிரித்து, தின்று முடிப்பதற்குள் நன்றாகக் களைத்துவிடுவான். டவலையே தின்னத் தொடங்கினால் உடனே "விடு".