வாசகர் கேள்வி – பதில்: ஆய்வுத் தரவுக்குப் பொது வடிவம் உண்டா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் உள்ள அகச்சிவப்பு நிறமாலைமானி, அளவீடுகளைத் தயாரிப்பு நிறுவனத்துக்கே உரிய கோப்பு வடிவத்தில் சேமிக்கிறது. எனக்கு முன் ஆய்வு செய்தவர் விட்டுச்சென்ற கோப்புகளை, பழைய மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்டதால், இப்போது திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக மாற்றி வைத்துக்கொண்டால் போதுமா? எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவத்தை ஏன் யாரும் வகுக்கவில்லை?
– ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: வகுத்திருக்கிறார்கள், ஆனால் துறைக்கு ஒன்றாக. அவற்றுள் நெடுநாள் நிலைத்து நிற்பது வானியலாளர்களின் 'ஃபிட்ஸ்' வடிவம். 1970களின் இறுதியில் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இருந்த வானாய்வகங்கள் தங்கள் படங்களைக் காந்த நாடாவில் பதிந்து பரிமாறிக்கொள்ள முயன்றபோது, ஒவ்வோரிடத்திலும் கணினி வேறாக இருந்ததால், ஓரிடத்து நாடாவை இன்னோரிடத்தில் படிப்பதற்கே தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. பத்து ஆய்வகங்கள் தமக்குள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ள 90 மாற்று நிரல்கள் வேண்டும். நடுவே பொது வடிவம் ஒன்று இருந்தால், எழுத ஒன்றும் படிக்க ஒன்றுமாக 20 போதும். டொனால்ட் வெல்ஸ், எரிக் கிரைசன், ஹார்ட்டன் ஆகியோர் 1981இல் இந்த வடிவத்தை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். மறு ஆண்டே பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

ஃபிட்ஸ் கோப்பு 2,880 பைட் கொண்ட பகுதிகளாக எழுதப்படுகிறது. விநோதமாகத் தோன்றும் இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு: பிட் கணக்கில் இது 23,040, அன்றைய கணினிகளின் சொல்நீளங்களான (கணினி ஒரே தடவையில் கையாளும் பிட்களின் எண்ணிக்கை) 16, 32, 36, 60 ஆகிய எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். அக்காலத்தில் கணினிக்குத் தரவு ஊட்டிய, 80 எழுத்துகள் கொண்ட துளை அட்டைகள் 36 சேர்ந்தாலும் இதே 2,880தான். கோப்பின் தொடக்கத்தில், எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எத்தனை விநாடி ஒளிபதிவு, ஒரு படப்புள்ளிக்கு எத்தனை பிட் என்பன வரிக்கு ஒன்றாகச் சாதாரண எழுத்தில் இருக்கும். தனி மென்பொருள் எதுவும் இல்லாதவர்கூட முதல் சில வரிகளைப் படித்து, அடுத்து வரும் எண்கள் எவை என்று தெரிந்துகொள்ளலாம். நிறுவனங்களின் மூடிய வடிவங்களில் இல்லாதது இதுவே. ஒருமுறை செல்லுபடியான ஃபிட்ஸ் கோப்பு என்றும் செல்லுபடியாகும் என்பது இதன் விதி. ஆகவேதான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களும், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்து இப்போது மின்மயமாக்கப்பட்ட, சூரியனைக் கால்சியத்தின் ஒளியில் காட்டும் படங்களும் ஒரே வடிவத்தில் கிடைக்கின்றன. வத்திக்கான் நூலகமும் தன் ஓலை, தோல், தாள் சுவடிகளின் படங்களுக்கு இதையே தேர்ந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

உங்கள் கருவிக்கு வருவோம். நிறமாலைத் தரவுக்கு 1988 முதல் 'ஜேகேம்ப் டிஎக்ஸ்' என்ற திறந்த வடிவம் உண்டு. அதிலும் தலைப்பு, x அச்சின் அலகு, புள்ளிகளின் எண்ணிக்கை முதலியவை இரட்டை ஹேஷ் குறியுடன் தொடங்கும் வரிகளாக, படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலான கருவி மென்பொருள்களில் ஏற்றுமதிப் பட்டியலில் இது தென்படும். சுருக்கமில்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கிய வகையில் எண்களுக்குப் பதில் குறியெழுத்துகள் வருவதால் கண்ணால் சரிபார்க்க இயலாது. கருவி தந்த மூலக் கோப்பையும் அழிக்காமல் உடன் வையுங்கள்.

எக்செலைக் காப்பகமாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன். செப்டின் குடும்பத்து மரபணுவான 'செப்ட்2' (SEPT2) என்பதைத் தட்டினால் அது செப்டம்பர் 2 என்ற தேதியாக மாறிவிடும். எக்செல் இணைப்புகளில் மரபணுப் பட்டியல் தந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மனித மரபணுப் பெயரிடு குழு 2020இல் பெயர்களையே மாற்றியது! மென்பொருளுக்கு அறிவியல் வளைந்து கொடுத்த கதை இது.

கேள்வி: பழைய வடிவத்தைக் கைவிடவே கூடாதா?
– கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: சில வேளைகளில் கைவிட்டே ஆக வேண்டும். புரதம் போன்ற பெரு மூலக்கூறுகளில் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடத்தைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் தொடங்கியது. அதன் கோப்பு, அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்து இடங்களையும், மூலக்கூறின் ஒவ்வொரு சங்கிலியின் பெயருக்கு ஓர் எழுத்தையும் மட்டுமே ஒதுக்கியிருந்தது. 99,999 அணுக்களைத் தாண்டிய, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் போன்ற அமைப்புகளைப் பல கோப்புகளாகத் துண்டாட வேண்டியதாயிற்று. ஆகவே இடக்கணக்கை நம்பாமல் ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் சூட்டி எழுதும் 'எம்எம்சிஐஎஃப்' வடிவத்துக்கு வங்கி மாறியது. படிகவியல் முறையில் கண்டறிந்த அமைப்புகளைச் சமர்ப்பிக்க 2019 முதல் அதுவே கட்டாயம். பழைய பதிவுகள் அனைத்தையும் வங்கியே புதிய வடிவத்தில் தருவதால், 1970களின் அமைப்பு ஒன்றைத் தேடும் உங்கள் மாணவர் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை.