நமக்கே தெரியாம நமக்குள்ள இன பயாஸ் (இனத்த வச்சு பாக்குற பாரபட்சம்) இருக்கா?

"நான் யாரையும் கலர் பாத்து பழகுறதில்ல, அப்ப எனக்கு பயாஸ் இல்லதானே"ன்னு கேட்டிருக்கீங்க. அப்படி சொல்லிட முடியாதுங்க. மரியான் பெர்ட்ராண்டும், நம்ம தமிழ்நாட்டுல பொறந்த செந்தில் முல்லைநாதனும்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவுல பாஸ்டன், சிகாகோ கம்பெனிகளுக்கு கிட்டத்தட்ட 5,000 ரெஸ்யூமே அனுப்பிப் பாத்தாங்க, பேர மட்டும் எமிலி (வெள்ளக்காரப் பேரு), லகிஷா (கறுப்பினப் பேரு)ன்னு மாத்தி மாத்தி போட்டு, 2004ல ஆய்வு பேப்பர் வந்துச்சு, வெள்ளக்காரப் பேருக்கு கால்பேக், அதாவது இன்டர்வியூக்கு திருப்பிக் கூப்பிடுறது, 50 சதவீதம் அதிகம். அந்த எச்ஆர் ஆளுங்கள கேட்டா அவங்களும் உங்க டயலாக்கதான் சொல்லுவாங்க.

வேற இனத்துக்காரர் ஒருத்தர்கிட்ட ஏதாவது செஞ்சதும், "இவரு இடத்துல நம்மூர் பையன் நின்னா இதையே செஞ்சிருப்பேனா"ன்னு கேட்டுப் பாருங்க, மனசு சாக்கு தேடும், அங்கதான் பயாஸ் மாட்டும். லிஃப்ட்ல ஒரு ஆப்பிரிக்க ஸ்டூடண்ட் ஏறினாரு, என் கை தானா பேக் ஜிப்ப மூடுச்சு, அவரும் பாத்துட்டாரு. கூட்டமா இருந்துச்சு அதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். லிஃப்ட்ல இருந்தது நாங்க ரெண்டே பேர்.